மூன்று விசில் கேட்கும் வரை

விசில் பையில் இல்லை.

முதுகுப் பையின் நான்கு அறைகளையும் இரண்டு முறை துழாவியாகிவிட்டது. மூன்றாவது முறை பையையே தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாள். முதலுதவிப் பெட்டி, கயிறு, பூதக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில்கள், மழைக் கோட்டு, பிஸ்கட் பொட்டலம், மாற்றுக் காலுறை, அந்த மாற்றுக் காலுறையும் நனைந்துவிட்டால் போட்டுக்கொள்ள இன்னொரு காலுறை எல்லாம் விழுந்தன. விசில் விழவில்லை.

லிஸ்ட் அக்கா சட்டைப் பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்தாள். பதினேழாவது வரி: விசில். பக்கத்தில் அழகான ஒரு டிக். காலையில் எல்லா வரிகளுக்கும் முதலில் டிக் போட்டுவிட்டுப் பிறகுதான் பொருள்களை எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள். அப்படிச் செய்தால் வேலை பாதி முடிந்துவிட்ட தெம்பு வரும். பதினாறாவது பொருளை எடுத்து வைத்தபோது வேன் வந்து நின்றது. விசில் இப்போது அவள் அறைக் கதவின் ஆணியில் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

மணி இரண்டு ஐம்பது. காட்டுக்குள் பதினோரு இடங்களில் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சரியாக மூன்று மணிக்கு அவர்களை எழுப்ப வேண்டும். எழுப்பக்கூடிய ஒரே பொருள் ஆணியில் தொங்கியது.

அவளுக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பயிற்சி முகாமில் யாரும் சொந்தப் பெயரோடு உள்ளே வரக்கூடாது என்பது வழக்கம். வேன் வாசலிலேயே பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ஆளுக்கொரு உயிரினத்தின் பெயரை மாட்டிக்கொள்ள வேண்டும். நேற்று வந்து சேர்ந்த இந்தக் குழுப் பிள்ளைகள் தவளை, ஓணான், வௌவால், நத்தை என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் தனக்கு மைனா என்று வைத்துக்கொண்டாள். முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே அவர்கள் மைனாவை விரட்டிவிட்டு லிஸ்ட் அக்கா என்று வைத்துவிட்டார்கள். அவள் அதை எதிர்க்கவில்லை. எதிர்ப்பது பற்றி லிஸ்ட்டில் எதுவும் இல்லை.

வழிகாட்டி வேலைக்கான சான்றிதழை அவள் இரண்டு வருடம் மாலை வகுப்பில் படித்து வாங்கியவள். ஜன்னல் இல்லாத மூன்றாம் மாடி அறை. மேசைகளை மலை என்று வைத்துக்கொண்டு சுற்றி வந்தார்கள். ஓடையை வாத்தியார் சாக்பீஸால் தரையில் வரைந்தார். அதை எல்லோரும் நனையாமல் தாண்டினார்கள். அதில் அவள் முதல் வகுப்பு. நிஜ ஓடையில் இந்த மூன்று மாதத்தில் நான்கு முறை விழுந்திருக்கிறாள்.

மூன்று மாதம் என்பதுதான் இங்கே முக்கியம். வேலை தற்காலிகம். இன்று தொண்ணூறாவது நாள். மேலாளர் நாலு மணிக்கு நேரில் வந்து ஒரு வகுப்பைப் பார்ப்பதாகவும், வேலை நிரந்தரமா இல்லையா என்பதை அங்கேயே சொல்லிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். இல்லை என்றால் ஊருக்குத் திரும்பி மாமாவின் ஜெராக்ஸ் கடையில் நிற்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. இந்த ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில், "பை வேணுமா?" என்று யாராவது கேட்கட்டும் என்பதற்காகவே கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வருவாள். அலமாரியில் பதினான்கு சோப்பு சேர்ந்துவிட்டது. ஆனால் வேலை நாள்களில் காலை எட்டரை மணிக்கு வேனில் நின்று அவள் பெயர்களை வாசிக்கும்போது, பிள்ளைகள் ஒவ்வொருவராக "இருக்கேன்" என்பார்கள். அவளிடம் சொல்லப்படும் பதினோரு "இருக்கேன்". அதை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

அதற்கு மேல் பிள்ளைகள் அவளோடு ஒட்டவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வட்டமாக உட்கார்வார்கள். அவள் போய் உட்கார்ந்தால் அந்த வட்டம் மெல்ல நகர்ந்து கொஞ்ச தூரத்தில் வேறொரு வட்டமாகிவிடும்.

இன்றைய பாடம், தனியாக இருந்து கவனிப்பது. ஆளுக்கு ஓர் இடம். ஒரு மரத்தில் சிவப்பு நாடா, அதன் கீழே ஒரு பிள்ளை, மடியில் ஒரு கவனிப்புத் தாள். ஏதாவது ஓர் உயிரினத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தெரியாமல், அதைத் தொந்தரவு செய்யாமல், ஒரு மணி நேரம் பார்த்து எழுத வேண்டும். எறும்போ, சிலந்தியோ, குருவியோ, எது கிடைக்கிறதோ அது. விதிகளை அவள் காலையில் மூன்று முறை சொல்லியிருந்தாள்.

தவளைக்கு மட்டும் ஒரு சந்தேகம். "நாம பார்க்கறது ஓடிப் போயிட்டா?"

"சத்தம் போடாம பின்னாடியே போ. நாடாவையே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை."

"யாராவது கூப்பிட்டா?"

"பதில் சொல்லக் கூடாது."

"நீங்க கூப்பிட்டா?"

"நானே கூப்பிட்டாலும் சொல்லக் கூடாது. மூணு விசில் கேட்கணும். அது கேட்கற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று பதினோரு தலைகள் ஆடின. இரண்டு நாளில் அவள் சொன்ன ஒரு விஷயத்துக்கு எல்லாத் தலையும் சேர்ந்து ஆடியது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அவள் நடுக்காட்டு மரக்கட்டையில் உட்கார்ந்து, இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். காற்று வந்தது. கூடவே கொஞ்சம் எச்சில். நான்கு விரலை வைத்து ஊதினாள். எச்சில் அதிகமானது. புல்லைக் கிழித்துக் கட்டைவிரல்களுக்கு நடுவே வைத்து ஊதினால் சத்தம் வரும் என்று வகுப்பில் எழுதிப் போட்டிருந்தார்கள். புல் உதட்டை அறுத்தது.

சரி, நேரில் போய் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு அழைத்து வந்துவிடலாம் என்று கிளம்பினாள். ஒன்றாம் நாடா கட்டிய மரத்தடிக்கு வந்தாள். அங்கே தவளை இல்லை.

எறும்பின் பின்னால் போயிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டாம் நாடாவுக்குப் போனாள். ஓணானும் இல்லை. மூன்றிலும் ஆள் இல்லை. நசுங்கிய புல் மட்டும் வட்டமாக இருந்தது. அவள் முறையாக வேலை செய்கிறவள். பார்த்து முடித்த மரத்தின் நாடாவை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே போனாள், எந்த மரம் பார்த்தது, எந்த மரம் பார்க்காதது என்று குழம்பக் கூடாதல்லவா. பதினோராம் நாடாவையும் அவிழ்த்துச் சுருட்டிய பிறகுதான், திரும்பிப் போகிற வழியைக் காட்ட அந்த நாடாக்களைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது உறைத்தது. பிள்ளைகள் நாடாவைத் தேடித் திரும்பி வந்தாலும் இனி எந்த மரம் அவர்கள் மரம் என்று அவர்களுக்கே தெரியாது.

அவள் வாய்விட்டுக் கூப்பிடத் தொடங்கினாள்.

"தவளை... ஓணான்... வௌவால், எங்கேப்பா இருக்கே?"

காடு கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

பாடம் முடிந்துவிட்டது, எல்லோரும் வரலாம் என்றாள். விசிலை மறந்துவிட்டேன், அதனால் இந்த ஒரு தடவை மட்டும் வாயால் சொல்வதை விசில் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இது சோதனை இல்லை, நிஜமாகவே சொல்கிறேன் என்றாள். சொன்னதும், சோதனை வைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்கே தோன்றியது. "விசில், விசில், விசில்" என்று மூன்று முறை கத்திப் பார்த்தாள். ஒரு மரங்கொத்தி மட்டும் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது.

எப்படியோ வேன் நிற்கும் மண் பாதைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பத்து. டிரைவர் அண்ணன் இருக்கையைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னாள். ஹாரனை மூன்று முறை அடித்தால் விசில் மாதிரி இருக்குமா என்று கேட்டாள்.

"ஹாரன் அடிக்காதும்மா. அது கெட்டு நாலு மாசமாச்சு. நான் கையை வெளியே நீட்டித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். "எத்தனை பேரைக் காணோம்?"

"பதினோரு பேர்."

"மொத்தம் எத்தனை பேர்?"

"பதினோரு பேர்."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஒருத்தர் இரண்டு பேர் தொலைந்தால்தான் தேடுவது கஷ்டம், மொத்தமாகத் தொலைந்தால் எங்கேயாவது மொத்தமாகத்தான் இருப்பார்கள் என்று ஆறுதல் சொன்னார். அவள் கிழக்குப் பக்கம் போகட்டும், தான் குளத்துப் பக்கம் போய்ப் பத்து நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் புதருக்குள் நுழைந்தார்.

பத்து நிமிடம் ஆனது. பதினைந்து ஆனது. அண்ணே என்று கூப்பிட்டாள். அவரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு எந்த விதியும் சொல்லப்படவில்லை; ஆனாலும் சொல்லவில்லை. காணாமல் போனவர்கள் இப்போது பன்னிரண்டு பேர்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. சருகு நொறுங்குகிற சத்தம். அவள் நடந்தால் அதுவும் வந்தது. நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் செடிகள் மட்டும் லேசாக ஆடின, காற்று இல்லாத நேரத்தில்.

விலங்கு ஏதாவது பின்தொடர்ந்தால் ஓடக் கூடாது. கைகளை உயர்த்தி நம்மைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு, உரத்த குரலில் பேசியபடியே பின்னோக்கி நடக்க வேண்டும். மாலை வகுப்பில் கரும்பலகையிலிருந்து எழுதியது வரிக்கு வரி நினைவிருந்தது. மழைக் கோட்டை எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள். உரக்கப் பேச வேண்டும். என்ன பேசுவது? அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான்.

"முதலுதவிப் பெட்டி," என்றாள் புதரைப் பார்த்து, முடிந்தவரை கம்பீரமாக. "கயிறு. பூதக்கண்ணாடி. குடிதண்ணீர், இரண்டு பாட்டில்."

காலுறை வரைக்கும் வந்தபோது குதிகால் வேரில் மாட்டி, கோட்டும் அவளுமாக மல்லாந்து விழுந்தாள். புதருக்குள்ளிருந்து தும்மலை அடக்குவது போல ஒரு சத்தம் வந்தது. முள்ளம்பன்றி என்று முடிவு செய்தாள். முள்ளம்பன்றி தும்முமா என்பது பாடத்தில் இல்லை.

எழுந்து நடந்ததில் கிளம்பிய இடத்துக்கே வந்திருந்தாள். அதே மரக்கட்டை. மூன்று முப்பத்தைந்து. இனிமேல் செய்வதற்கு எதுவும் இல்லை. லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தாள். கடைசி வரி: எல்லோரையும் எண்ணி வேனில் ஏற்றுதல். அதற்கும் டிக் போட்டிருந்தது.

அவள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். பதினோரு பேருக்கும் ஆளுக்கு இரண்டு என்று எண்ணி வாங்கியது. ஒன்றைத் தின்றாள். இன்னொன்றைத் தின்றாள். மூன்றாவதைப் பாதி கடித்துவிட்டு, யாரும் இல்லாத இடத்தில் தனியாகத் தின்பது கொஞ்சம் ஒரு மாதிரி இருந்ததால், பக்கத்து மரத்தின் வேரில் ஒன்றை வைத்தாள். "நீயும் எடுத்துக்கோ," என்றாள். மரம் எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும், நகர்ந்து போய் வேறு இடத்தில் உட்காரவும் இல்லை. அந்த மட்டில் ஆறுதலாக இருந்தது.

பிறகு ஒத்திகை பார்த்தாள். மேலாளர் வந்ததும் சொல்ல வேண்டியதை மரத்திடம் சொல்லிப் பார்த்தாள். சார், தவறு என்னுடையதுதான். சார், பிள்ளைகள் மேல் தப்பில்லை, நான் சொன்னதை நூற்றுக்கு நூறு கேட்டதுதான் பிரச்சினை. சார், மாமா கடையில் ஜெராக்ஸ் மெஷின் அடிக்கடி மாட்டிக்கொள்ளும், அதைச் சரிசெய்ய நான்தான் போக வேண்டும், எனவே எனக்கும் இது வசதிதான். கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. உடையாமல் சொல்ல வரும்வரை நான்கு முறை திருப்பிச் சொன்னாள்.

கைப்பேசி அடித்தது. அம்மா. தினமும் இந்த நேரத்தில் ஒரு தடவை அழைப்பாள்.

எங்கே இருக்கே, ஏன் மூச்சு வாங்குது என்று கேட்டாள் அம்மா. காட்டில் வகுப்பு என்றாள் இவள். பிள்ளைகள் பழகிவிட்டார்களா, இல்லை இன்னும் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்டாள். இவள் பாதி கடித்த பிஸ்கட்டைப் பொட்டலத்துக்குள் திருப்பி வைத்தாள்.

"சே, அதெல்லாம் இல்லம்மா," என்றாள். "இப்பக்கூட எல்லாரும் என்னைச் சுத்தித்தான் இருக்காங்க. ஒரு நிமிஷம் விட்டுட்டு நகர மாட்டேங்கறாங்க."

"சத்தமே கேட்கலையே?"

"அமைதியான பிள்ளைங்க," என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். துண்டித்த பிறகு, மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடினாள். அது லிஸ்ட்டிலேயே இல்லாத பொருள். மாற்றுக் காலுறையால் துடைத்துக்கொண்டாள்.

மேலாளர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். அதிகம் பேசாதவர், பெரிய தொப்பி, கழுத்தில் ஒரு விசில். மரக்கட்டையில் ஒற்றை ஆளாக, கையில் காலுறையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

"பிள்ளைங்க எங்கேம்மா?"

ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியமும் காணாமல் போயின. "தெரியல சார்," என்றாள். "ரெண்டு மணிக்கு உட்கார வச்சேன். விசிலை வீட்டுல விட்டுட்டேன். விசில் இல்லாம வரக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். வரல. தேடப் போன டிரைவர் அண்ணனும் வரல. நான் திங்கக்கிழமையே ஊருக்குக் கிளம்பிடறேன் சார்."

மேலாளர் விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினார்.

மரக்கட்டைக்குப் பின்னால் இருந்த புதர் எழுந்து நின்றது. அதிலிருந்து தவளையும் ஓணானும் வந்தார்கள். பிஸ்கட் வைத்திருந்த மரத்தின் பின்னாலிருந்து வௌவால் வந்தாள். ஐந்தடி தூரத்துப் பள்ளத்திலிருந்து நான்கு பேர், சருகுக் குவியலிலிருந்து இரண்டு பேர், மேலே கிளையிலிருந்து ஒருத்தி. எல்லோருக்கும் கடைசியாக, இரண்டு நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத நத்தை. அவளுக்கும் பின்னால் டிரைவர் அண்ணன், சட்டையில் ஒட்டிய முள்ளைப் பிய்த்துக்கொண்டு, உதட்டில் வைத்த விரலை எடுக்க மறந்தவராக வந்தார்.

லிஸ்ட் அக்கா எண்ணினாள். பதினொன்று. திரும்ப எண்ணினாள். பதினொன்றுதான். மறுபடி கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேலாளர் கவனிப்புத் தாள்களை வாங்கிப் புரட்டினார். வாசிக்கவில்லை, கண்ணாடி காரிலேயே இருந்தது. ஆனால் எல்லாத் தாளும் முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் நிறைந்து ஓரத்திலும் எழுதப்பட்டிருந்ததைக் கண்ணாடி இல்லாமலேயே பார்க்க முடிந்தது. சிலர் படமும் போட்டிருந்தார்கள்.

"பதினஞ்சு வருஷமா இந்தப் பாடத்தை நடத்தறோம்," என்றார் அவர். "பத்து நிமிஷத்துக்கு மேல எந்தப் பிள்ளையும் உட்கார்ந்ததில்ல. நீ ரெண்டு மணி நேரம் மூச்சுவிடாம வச்சிருக்கே. டிரைவரையே வச்சிருக்கே." தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுடும்மா. ஊருக்கெல்லாம் அப்புறம் போகலாம்."

அவள் மறுபடி மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தது. காலுறை கையில் இருந்ததால் நல்லதாகப் போயிற்று.

மேலாளர் கிளம்பத் திரும்பியவர், ஏதோ நினைத்துக்கொண்டு நத்தையின் முன் குனிந்தார். அப்படி எந்த உயிரினம் ஒரு பிள்ளையை இவ்வளவு நேரம் கட்டிப் போட்டது என்று கேட்டார்.

நத்தை தாளைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் எல்லோரும் அவரவர் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பென்சிலால் மெல்ல மரக்கட்டைப் பக்கம் காட்டினாள்.

"எல்லாருமே இவங்களைத்தான் சார் பார்த்தோம். கூட்டமா வாழற உயிர் மாதிரிதான் இருக்கு, விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு, அழுகையா வந்துச்சு எங்களுக்கு, ஆனா தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருந்தாங்களே."